கட்டியங்காரனுக்கு ஒரு வக்காலத்து

அநியாயத்தைக் கண்டால் அழலாம், ஆத்திரப்படலாம், மகஜர் எழுதி ஊரார் கையெழுத்து வாங்கலாம். ஆனால் சிரிக்கக் கூடாது என்று சொல்கிற ஒரு கட்சி நம்மிடையே இருக்கிறது. படித்தவர்கள், நல்லெண்ணம் உடையவர்கள் பலரும் அந்தக் கட்சியில் அங்கத்தினர்கள். "ஒருவன் ரத்தம் சிந்திக்கொண்டிருக்கிறான், உங்களுக்கு நையாண்டி கேட்கிறதா?" என்பது அவர்கள் கேள்வி.

அதற்கு எதிர்வரிசையில் இன்னொரு கட்சி உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் கலைக்கோயிலின் தர்மகர்த்தாக்கள். "எதிர்ப்புக்காக எழுதுவது கலை ஆகாது. கோஷத்தைக் கொண்டுபோய்ச் சுவரில் எழுதுங்கள், காகிதத்தைக் கெடுக்காதீர்கள்" என்பது அவர்கள் தீர்ப்பு. மூன்றாவது கட்சிக்கு வாதம் எதுவும் கிடையாது. அதற்குப் பதிலாகப் போலீஸ் இருக்கிறது.

இந்த மூன்று கட்சிக்காரர்களுக்கும் எதிராக, தெருக்கூத்துக் கட்டியங்காரன் சார்பில் ஆஜராக எனக்கு ஆசை. அவன் என்னைக் கேட்கவில்லை. அவனுக்கு வக்கீல் வைத்துக்கொள்ள வசதியும் இல்லை. அதனாலேயே நான் போகிறேன்.

கட்டியங்காரனை அறியாதவர்கள் பட்டணத்தில் இருக்கக்கூடும். கூத்தில் ராஜா திரைக்குப் பின்னால் வந்து நின்றதும், "தாங்கள் யார், எந்தத் தேசம், எதற்காக இங்கே விஜயம்?" என்று விசாரித்துச் சபைக்கு அறிவிக்கிறவன் அவன். கிரீடமும் புஜகீர்த்தியும் மார்பதக்கமும் ராஜாவுக்கு; இவனுக்கு ஒரு கோமாளிக் குல்லாய். ராஜா விருத்தம் பாடுவார். இவன் தெருப்பேச்சுப் பேசுவான். தன் நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறது என்று துரியோதனன் பெருமை பேசினால், "அப்படியா மகாராஜா? எங்கள் ஏரி மட்டும் எந்த நாட்டில் இருக்கிறது?" என்று கேட்க இவனுக்கு உரிமை உண்டு. ராஜா கோபித்துக்கொள்ள முடியாது. கோபித்தால் கூத்து நின்றுவிடும்.

நான் பார்த்த ஒரு கூத்தில், ஊருக்கே வட்டிக்குக் கொடுக்கிற பெரிய மனிதர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைய விளக்குச் செலவும் அவருடையதுதான். தருமன் சூதாடித் தம்பிகளைப் பணயம் வைக்கிற கட்டம். கட்டியங்காரன் மெதுவாகக் குறுக்கே வந்து, "தருமராஜாவே, கணக்கு எழுதின தாளா, வெறுந்தாளா? கட்டைவிரலை எதிலே வைத்தீர்கள்?" என்று கேட்டான். இரண்டு நிமிஷம் மத்தளம் வாசிக்க முடியவில்லை. அப்படி ஒரு சிரிப்பு. பெரிய மனிதரும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் அது தம்மைப் பற்றியதுதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா?

மறுநாள் அவர் வட்டியைக் குறைத்துவிட்டார் என்று கதை அளக்க மாட்டேன். குறைக்கவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. வெறுந்தாளில் கைநாட்டு வைத்ததை அதுவரை ஒவ்வொருவனும் தன் வீட்டு அவமானமாக மூடி வைத்திருந்தான். அன்று ராத்திரி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் அதே இடத்தில் சிரித்ததை அவன் காதால் கேட்டுவிட்டான். நமக்குத் தெரியும் என்பது வேறு. எல்லாருக்கும் தெரியும் என்று நமக்குத் தெரிவது வேறு. கட்டுரையைத் தனியாக உட்கார்ந்து படிக்கிறோம். சிரிப்பு மட்டும் நூறு பேர் கூடிப் போடுகிற கையெழுத்து. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தெரியாதது நம் அழுமூஞ்சிச் சீர்திருத்தக்காரர்களுக்குத்தான்.

சந்தேகம் இருந்தால் சரித்திரத்தைப் பாருங்கள்.

1860-ல் தீனபந்து மித்ரா 'நீல தர்ப்பணம்' என்ற வங்காளி நாடகத்தை எழுதினார். நெல் விளைகிற வயலில் அவுரி பயிரிடும்படி வெள்ளைத் துரைமார்கள் குடியானவனை அடித்து உதைத்த கதை அது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக 1861-ல் ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியாருக்கு ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தார்கள். அபராதத்தை அங்கேயே கட்டினவர் காளி பிரசன்ன சிங்கர். அவரும் ஒரு நையாண்டி எழுத்தாளர்தான். குடியானவனை அடித்த துரைக்குத் தண்டனை இல்லை. அடித்ததைச் சொன்ன பாதிரிக்குத் தண்டனை. இருந்தாலும் அது கண்ணீர் நாடகம். கண்ணீர் நாடகத்துக்கு ஒரு வழக்கோடு விட்டார்கள். நாடகக்காரர்கள் சிரிக்கவைக்கத் தொடங்கியபோதுதான் தனியாகச் சட்டமே தேவைப்பட்டது.

1876-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இங்கிலாந்து இளவரசர் கல்கத்தாவுக்கு விஜயம் செய்திருந்தார். ஜகதானந்த முகர்ஜி என்ற பெரிய வக்கீல் அவரைத் தம் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்துப் போய்ப் பெண்டுகளைக் கொண்டு உபசரிக்கவைத்தார். ஊர் கொதித்தது. கிரேட் நேஷனல் தியேட்டர் என்ற கம்பெனி பிப்ரவரி மாதமே 'கஜதானந்தனும் இளவரசரும்' என்று ஒரு பிரகசனம் போட்டது. போலீஸ் தடுத்தது. பெயரை மாற்றி மறுபடி நடித்தார்கள். மறுபடி தடை. அப்போது போலீஸ் கமிஷனர் பெயர் ஹாக். சூபரிண்டெண்டெண்ட் பெயர் லாம். ஆங்கிலத்தில் ஹாக் என்ற ஓசைக்குப் பன்றி என்றும், லாம் என்ற ஓசைக்கு ஆட்டுக்குட்டி என்றும் பொருள். நாடகக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 'பன்றி, ஆடு போலீஸ்' என்று அடுத்த நாடகத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

வைசிராய் நார்த்புரூக் பிரபு பிப்ரவரி 29-ஆம் தேதி அவசரச் சட்டம் பிறப்பித்தார். கம்பெனி டைரக்டர் உபேந்திரநாத் தாசும் அமிர்தலால் போசும் வேறொரு நாடகம் ஆபாசம் என்ற சாக்கில் கைதானார்கள். ஹைகோர்ட்டு அவர்களை விடுவித்தது. அந்த வருஷம் முடிவதற்குள் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் நிரந்தரமாக வந்துவிட்டது. சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம், பீரங்கியும் கப்பற்படையும் வைத்திருந்த சாம்ராஜ்யம், ஒரு கோமாளி நாடகத்துக்காகச் சட்டம் செய்தது. சிரிப்பு பலவீனமானது என்பவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. 1953-ல் லக்னோவில் மக்கள் நாடக மன்றத்தார் பிரேம்சந்தின் 'ஈத்கா' கதையை நடித்தபோது, இந்தப் பழைய சட்டம்தான் கையில் எடுக்கப்பட்டது. அந்தக் கதை என்ன தெரியுமா? ஓர் ஏழைச் சிறுவன் திருவிழாவுக்குப் போகிறான். தன்னிடமுள்ள மூன்று காசுக்குப் பொம்மை வாங்காமல், ரொட்டி சுடும்போது பாட்டிக்குக் கை சுடாதிருக்க ஓர் இடுக்கி வாங்கிக்கொண்டு வருகிறான். அவ்வளவுதான். சுதந்திர இந்தியாவின் போலீஸ் அந்த இடுக்கியைக் கண்டும் மிரண்டது. 1956-ல் அலகாபாத் ஹைகோர்ட்டு அந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று சொன்னது. அப்படியும் சட்டப் புத்தகத்திலிருந்து அது நீங்கியது 2018-ல்தான்.

நம் ராஜ்யம் பின்தங்கிவிடவில்லை. 1954-ல் சென்னை ராஜ்யத்துக்கென்றே தனியாக ஒரு நாடகச் சட்டம் செய்துகொண்டோம். எம். ஆர். ராதாவின் நாடகங்களை உத்தேசித்தே அது வந்தது என்று ஊரே பேசிற்று. நாடகப் பிரதியை முன்கூட்டிப் போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். மேடையில் நின்ற இடத்தில் அன்றைய காலைப் பத்திரிகையைக் கிழிகிழி என்று கிழிக்கிற ராதாவின் வாய்க்கு எந்தப் பிரதியைக் கொடுப்பது? 2013-ல் பத்திரிகையாளர் ஞாநி தொடுத்த வழக்கில்தான் சென்னை ஹைகோர்ட்டு அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 59 வருஷம் கழித்து!

சட்டம் போனால் பயம் போய்விடுமா? 1987-ல் 'ஆனந்த விகடன்' அட்டையில் ஒரு கேலிச் சித்திரம் வந்தது. மேடையில் இருப்பவர்களில் சட்டசபை அங்கத்தினர் யார், மந்திரி யார் என்று அடையாளம் சொல்கிற ஹாஸ்யம். ஒருவர் ஜேபடிக்காரரைப் போலவும் மற்றவர் முகமூடிக் கொள்ளைக்காரரைப் போலவும் இருப்பார்கள். அதற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் என்று சட்டசபை தண்டனை விதித்தது. நாடே கண்டித்ததால் சில நாட்களில் விடுதலை செய்தார்கள். அவர் விடாமல் வழக்காடினார். 1994-ல் அந்தக் கைது தவறு என்று தீர்ப்பாகி, ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈடும் கிடைத்தது.

2015-ல் சாராயக் கடைகளை மூடச் சொல்லிப் பாடின கோவன் மீது ராஜத்துரோகக் குற்றம் சாட்டினார்கள். 2017-ல் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீயில் வெந்தது. பச்சைக் குழந்தைகளும் அதில் அடக்கம். திரும்பத் திரும்ப மனுக் கொடுத்துப் பயனில்லாமல் போன குடும்பம். எரிகிற குழந்தையின் எதிரே, அதிகாரிகளும் முதன்மந்திரியும் அம்மணமாக நின்று பணக்கட்டால் மானத்தை மறைத்துக்கொள்வதாகப் பாலா என்ற சித்திரக்காரர் வரைந்தார். மனுக்களுக்கு வராத வேகம் அரசாங்கத்துக்கு இந்தச் சித்திரத்துக்கு வந்தது. இரண்டு வாரத்துக்குள் ஆளைக் கைது செய்துவிட்டார்கள்.

இப்போது முதல் கட்சிக்காரர்களிடம் வருகிறேன். துன்பத்தைக் கண்டு சிரிக்கலாமா என்று கேட்கிறீர்கள். பாலாவின் படத்தில் குழந்தையைப் பார்த்து யார் சிரித்தது? சிரிப்பு எங்கே விழுகிறது என்பதைக் கவனிக்காமல், சிரிப்புச் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்வது என்ன நியாயம்?

கீழ்வெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, கூலி கேட்ட குற்றத்துக்காக 44 பேரை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும், ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அந்தத் தீயைப் பற்றி ஹாஸ்யம் எழுதுகிறவன் மனிதன் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வழக்கில் மிராசுதார்களை விடுவித்தபோது ஹைகோர்ட்டு சொன்ன காரணம் என்ன? ஏராளமான நிலம் படைத்த பணக்காரர்கள், அதில் ஒருவர் கார் வேறு வைத்திருப்பவர், தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லையாம். கார் இருப்பவன் தீக்குச்சி கிழிக்க மாட்டான்! இதை எந்தக் கட்டியங்காரனாலும் கற்பனை செய்திருக்க முடியாது. இந்தக் காரணத்தைக் கண்டு அழுதால் அதற்கு மரியாதை கொடுத்ததாகிவிடும். இதைத் திரும்பத் திரும்ப ஊர் ஊராகச் சொல்லிச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பில் பல் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு உதாரணம் கலைவாணர். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரம் கேட்டு உருகாதவர் யார்? நந்தன் சிதம்பரம் போக ஆண்டையிடம் கெஞ்சுகிறான். நாற்பது வேலி நிலத்தை அறுத்து முடித்தால்தான் உத்தரவு என்கிறார் அந்த வேதியர். கடைசியில் நெருப்பில் குளித்துத்தான் அவன் கோயிலுக்குள் போக முடிந்தது. பல தலைமுறைகள் இதைக் கேட்டு அழுதன. அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்க் கொல்லை வழியாகவே ஆளைக் கூப்பிட்டன. என். எஸ். கிருஷ்ணன் அதே காலட்சேப மெட்டில் 'கிந்தனார்' கதை சொன்னார். 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் அது இடம்பெற்றது. கிந்தன் நெருப்பில் இறங்கவில்லை, ரயில் ஏறினான். பட்டணம் போய்ப் படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பி வந்தான். சனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்த பிறகு நந்தன் கதையைப் பழையபடி கேட்க முடியுமா? ஒருவன் உள்ளே வருவதற்கு நெருப்பு எதற்கு என்ற கேள்வி மனசுக்குள் புகுந்துவிட்டதே! கண்ணீர் நந்தனை நாயனாராக்கிக் கும்பிட்டது. சிரிப்பு கிந்தனுக்கு உத்தியோகம் வாங்கிக் கொடுத்தது.

அடுத்தது கலைக்கோயில் தர்மகர்த்தாக்கள். எதிர்ப்பு கலந்தால் கலை தீட்டுப்பட்டுவிடும் என்கிற இவர்களுக்கு, தமிழில் எந்த நூலைத்தான் தொட முடியும்? நகை பிறக்கும் இடங்களைக் கணக்கெடுத்த தொல்காப்பியர், எள்ளலை முதலாவதாக வைத்தார். யுத்தத்துக்குத் தயாராக நின்ற தொண்டைமானின் ஆயுதசாலைக்குப் போன ஔவையார், இங்கே ஆயுதங்கள் எண்ணெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, எங்கள் அதியமான் வீட்டிலோ எல்லாம் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்ந்தார். அந்தப் புகழ்ச்சியின் பொருள் தெரியாத தமிழாசிரியர் உண்டா? பள்ளுப் பிரபந்தங்களில் பள்ளனைத் தொழுவில் மாட்டுகிற பண்ணைக்காரன் எப்படி வர்ணிக்கப்படுகிறான் என்று பாருங்கள். அவனுடைய நடையும் தோற்றமும் கேலிக்கு இரையாகாமல் ஒரு பள்ளு கிடையாது. 1906-ல் தொடங்கிய 'இந்தியா' பத்திரிகையில் பாரதியார் கேலிச் சித்திரம் போட்டாரே, அதனால் அவருடைய கவிதை கெட்டுவிட்டதா? எதிர்ப்பு இல்லாத கலைதான் சுத்தக் கலை என்றால், சுவரில் மாட்டுகிற காலண்டர் படத்துக்குத்தான் முதல் பரிசு கொடுக்க வேண்டும்.

அவர்கள் சொல்வதில் ஒன்று நிஜம். மோசமான எதிர்ப்புக் கலை ஏராளமாக இருக்கிறது. சிவப்புத் துணி கட்டிய கதாநாயகன், தொந்தி வைத்த முதலாளி, கடைசியில் எல்லாரும் கையை உயர்த்துவது என்று அச்சில் வார்த்த நாடகங்களைப் பார்த்து நானும் கொட்டாவி விட்டிருக்கிறேன். அதற்கு மருந்து விஷயத்தை விடுவது அல்ல. வேலையைச் சரியாகச் செய்வது. டில்லி ஜன நாட்டிய மஞ்சத்தார் 1978-ல் போட்ட 'மெஷின்' நாடகம் கால்மணி நேரம்கூட ஓடாது. காஜியாபாத் பக்கத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் கேட்டது இரண்டே இரண்டு: சைக்கிள் நிறுத்த ஓர் இடம், டீ குடிக்க ஒரு கான்டீன். கிடைத்தது துப்பாக்கிச் சூடு. இந்த விஷயத்தை நடிகர்கள் தங்கள் உடம்பையே சக்கரமும் கம்பியுமாகக் கோத்து, ஒரு யந்திரமாக நின்று காட்டினார்கள். மேடை இல்லை, திரை இல்லை. கலை எங்கே என்று கேட்பவர்கள் அந்த யந்திரம் திடீரென்று நின்றுபோகிற இடத்தைப் பார்க்க வேண்டும்.

நான்காவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் எதிரிகளாக வருவதில்லை. என் கட்சிக்காரர்கள் போல வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள். "சிரிப்புக்குச் சுதந்திரம் வேண்டும்" என்று என்னோடு சேர்ந்து கோஷமும் போடுகிறார்கள். இவர்களுடைய சிரிப்பு என்ன? கறுப்பாக இருக்கிறவளைப் பார்த்துச் சிரிப்பு, திக்குவாயனைப் பார்த்துச் சிரிப்பு, திருநங்கையைப் பார்த்துச் சிரிப்பு, மனைவியை அறைந்து சிரிப்பு. நம் சினிமா எத்தனையோ வருஷங்களாக இந்தச் சரக்கை விற்றுக் காசு பார்த்துவிட்டது. ஆட்சேபித்தால் "தமாஷ்தானே, ஐயா" என்பார்கள். கட்டியங்காரன் ராஜாவைப் பார்த்துப் பேசினான். இவர்கள் ராஜாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு எதிரே நிற்பவன்மேல் உமிழ்கிறார்கள். ஏற்கனவே விழுந்து கிடப்பவனை உதைக்கக் கட்டியங்காரன் எதற்கு? அதற்குத்தான் ஊரில் ஆள் குறைவில்லையே!

தெனாலிராமனையும் இந்த வரிசையில் ஜாக்கிரதையாகத்தான் வைக்க வேண்டும். கெட்டிக்காரன்; சந்தேகம் இல்லை. ஆனால் நாம் கேட்டு வளர்ந்த கதைகளில் அவன் ராஜாவை மடக்கியதும் ராஜா சிரித்துப் பொற்காசு கொடுத்துவிடுகிறார், கதை முடிந்துவிடுகிறது. குடியானவனுக்கு ஒரு படி நெல் வரி குறைந்ததாகக் கதை இல்லை. ராஜாவுக்குச் சௌகரியமான சிரிப்பு அது. பெரிய மனிதர்கள் தங்களைக் கேலி செய்துகொள்ளத் தாங்களே ஆள் வைத்துக்கொள்வது இன்றும் உண்டு.

சிரிப்பால் எல்லாம் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 1940-ல் ஹிட்லரைக் கோமாளியாக்கிப் படம் எடுத்த சார்லி சாப்ளின், ஜெர்மன் முகாம்களின் பயங்கரம் முழுவதும் அப்போதே தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று 1964-ல் தம் சுயசரிதையில் எழுதினார். பெரிய கலைஞனின் பெரிய வார்த்தை அது. ஆயினும் 1940-ல் அந்த மீசையைப் பார்த்து எத்தனையோ பேர் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். சாப்ளின் அதைத் தம் உதட்டின் மேல் ஒட்டிக்கொண்டு நின்றார் என்பதும் உண்மைதானே? சிரிப்பு துப்பாக்கிக் குண்டைத் தடுக்காது. குண்டு போடுகிறவனைத் தெய்வம் என்று கும்பிடாமல் இருக்க உதவும்.

அதற்கு விலையும் உண்டு. 1989-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி, டில்லிக்கு அருகே சாகிபாபாத்தில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் சப்தர் ஹாஷ்மி தம் குழுவோடு 'ஹல்லா போல்' என்ற தெரு நாடகத்தை நடித்துக்கொண்டிருந்தார். நடுவில் குண்டர்கள் புகுந்து தாக்கினார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். மறுநாள் ஹாஷ்மியும் இறந்தார். அவருக்கு வயது 34. ஜனவரி 4-ஆம் தேதி அவர் மனைவி மலயஸ்ரீ அதே குழுவோடு அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற அந்த நாடகத்தை நடித்து முடித்தார்.

இதையெல்லாம் நினைக்கும்போது என் தொழில்காரர்களிடம் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. நாவலும் சிறுகதையும் எழுதுகிற நாங்கள் ஏழையின் கண்ணீரை நன்றாக எழுதக் கற்றுவிட்டோம். அதற்குச் சன்மானம் உண்டு, பரிசு உண்டு, பொன்னாடை உண்டு. பரிசைக் கொடுக்க மந்திரியே வருவார். அவன் கண்ணீரைப் பற்றி எழுதினால் மந்திரிக்கு ஆட்சேபம் கிடையாது. அதைத் துடைப்பதாகச் சொல்லி அவர் நீட்டுகிற கைக்குட்டையைப் பற்றி எழுதிப் பாருங்கள், அப்போது தெரியும்.

பத்திரிகாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். கேலிச் சித்திரத்துக்கு இருந்த இடத்தை வருஷா வருஷம் சுருக்கிக்கொண்டே வருகிறீர்கள். வழக்கு வந்தால் யார் அலைவது என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. வழக்கில் தோற்றாலும் ஆளும் கட்சிக்கு நஷ்டம் இல்லை. ஜெயித்தாலும் சித்திரக்காரனுக்குச் சில வருஷம் கோர்ட்டு வாசல்தான். சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் மாறிக்கொண்டிருக்கின்றன, அலைச்சல் மாறவில்லை. அப்படியானால் அந்த அலைச்சலைச் சித்திரக்காரன் தலையில் மட்டும் கட்டாமல், வெளியிட்ட பத்திரிகையும் வாசகரும் எழுத்தாளர் சங்கங்களும் சேர்ந்து சுமக்க வேண்டாமா? விகடன் ஆசிரியர் மூன்று மாதம் உள்ளே கிடக்காமல் சீக்கிரமே வெளியே வந்தது சட்டசபையின் கருணையால் அல்ல. மற்றப் பத்திரிகைகளும் பொதுஜனங்களும் போட்ட கூச்சலால்.

நாம் செய்யக்கூடியது பெரிய வீரம் ஒன்றும் இல்லை. கட்டியங்காரன் பேசுகிறபோது, முன்வரிசை நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்கிறாரே என்று பயந்து வாயைப் பொத்திக்கொள்ளாமல், வந்த சிரிப்பைச் சத்தமாகச் சிரித்தால் போதும்.